இரண்டு சுற்றுக் கொடி

பிரேசர் டவுன் பக்கத்தில் இருக்கும் அந்தப் பழைய பிரசவ ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. காலையிலிருந்து மழை. வாசலை அடைத்துக்கொண்டு ஆட்டோக்கள் நின்றன. வலி இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை. என்னைப் பிடித்திருந்ததெல்லாம் எரிச்சல்தான்.

முந்தின வாரம் எடுத்த ஸ்கேனில், குழந்தையின் கழுத்தைத் தொப்புள்கொடி இரண்டு சுற்று சுற்றியிருப்பதாக வந்திருந்தது.

"நாலுல ஒரு பேபிக்கு இப்படி இருக்கும் கேரல். பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஹார்ட்பீட்டை வாட்ச் பண்ணிட்டே இருப்போம்," என்றார் டாக்டர் வித்யாலட்சுமி.

அந்தப் 'பெரும்பாலும்' எனக்கு முள்ளாகக் குத்தியது. மிச்சக் குழந்தைகளுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். நெட்டில் கண்டதையும் படிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டில் அதைவிட மோசம். கொடி சுற்றிப் பிறக்கிற குழந்தை தாய்மாமனுக்கு ஆகாது என்று எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. மாமன் முதலில் கிண்ணத்து எண்ணெயில்தான் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் நேரில் பார்த்தால் தோஷமில்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற என் அம்மா மௌரீன், இந்த விஷயத்தை மட்டும் பங்குச் சாமியாரிடம் கேட்கவே மாட்டார். ஸ்கேன் வந்த அன்றைக்கே என் அண்ணன் கிளெமென்டை ஆஸ்டின் டவுன் வீட்டிலிருந்து கிளப்பி, தொம்மலூரில் இருக்கும் அவன் நண்பனின் அறைக்கு அனுப்பிவிட்டார். ஜெபமாலை உருட்டியதும் அவனுக்காகத்தான்.

"மம்மி, கொடி சுத்தியிருக்கறது என் பிள்ளை கழுத்துல. அண்ணன் கழுத்துல இல்ல," என்றேன்.

"உனக்கு டாக்டர் இருக்காங்க. அவனுக்கு யாரு இருக்கா?"

கணவன் ஃபிராங்க்ளினைப் பார்த்தேன். அவன் "டென்ஷன் ஆகாத" என்றான். அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நான் கையைத் தூக்கித் துணி காயப்போட்டதால்தான் கொடி சுற்றிக்கொண்டது என்று போனில் மாமியார் வேறு. எல்லோரும் என்னைச் சுற்றி நின்று பேசினார்கள். என் பிள்ளை பிழைக்குமா என்ற ஒன்றை மட்டும் யாரும் என்னோடு உட்கார்ந்து பேசவில்லை.

பிரசவ அறையின் கூரை உயரத்தில் இருட்டிக் கிடந்தது. பினாயில் நெடிக்கு அடியில், நாள்கணக்கில் காயாத ஈரத்துணியின் முடை அடித்தது. ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டியதில் பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். நர்ஸ் மமதா என் வயிற்றில் பெல்ட்டைக் கட்டி மெஷினை ஓட விட்டாள். குழந்தையின் இதயத் துடிப்பு அறை முழுக்கக் கேட்டது. தையல் மிஷின் ஓடுவதுபோல அத்தனை வேகம். அந்தச் சத்தத்தையே பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

வலி வந்தது.

சத்தம் தளர்ந்தது.

"மமதா..."

"கான்ட்ராக்‌ஷன் வந்தா சொல்ப, கொஞ்சம் குறையும் மேடம். அப்புறம் ஏறிடும். எடது பக்கம் திரும்பிப் படுங்க."

திரும்பினேன். ஏறவில்லை. தையல் மிஷின் தடுக்கித் தடுக்கி ஓடியது. அப்போதுதான் அதற்கு அடியில் இன்னொரு துடிப்பு கேட்டது. கனமான, அவசரமே இல்லாத துடிப்பு.

"அது உங்க பல்ஸ். மெஷின் சில நேரம் அதையும் எடுக்கும்," என்றபடி மமதா என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது. என் நாடி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மெஷினில் கேட்டதற்கு அதில் பாதி வேகம்கூட இல்லை.

பெல்ட்டைத் தள்ளி வைத்தாள்.

அந்தத் துடிப்பும் கூடவே நகர்ந்து வந்தது.

பிறகு வயிற்றுக்குள் ஏதோ நுழைந்தது. வலியில்லை. பிள்ளை புரளுவதும் இல்லை, அது எனக்குப் பழகிய அசைவு. இவை விரல்கள். ஐஸ் தண்ணீரில் ஊறிய விரல்கள். எதையோ தேடி உள்ளே ஊர்ந்து, ஓர் இடுக்கில் நுழைந்து, அங்கேயே நின்றன.

தையல் மிஷின் மறுபடி வேகமெடுத்தது.

"பாத்தீங்களா, சரியாயிடுச்சு," என்று மமதா மூச்சு விட்டாள். "மெஷின் பழசு மேடம்."

"உள்ள யாரோ கை விட்டாங்க."

"நான் ஒருத்திதான இருக்கேன். பயத்துல அப்படித்தான் தோணும்."

பயம். நான் எதைச் சொன்னாலும் எல்லோரும் அந்த ஒரு சொல்லை வைத்து என் வாயை அடைத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒவ்வொரு வலிக்கும் குழந்தையின் துடிப்பு இறங்கியது. ஒவ்வொரு முறையும் அந்தக் கனமான துடிப்பு பக்கத்தில் வந்தது. அது வந்த பிறகே என் பிள்ளை மீண்டது. கடைசியில் அது வராமல் போய்விடுமோ என்றுதான் நான் பயந்தேன்.

டாக்டர் வந்து தள்ளச் சொன்னபோது என்னால் முடியவில்லை. காதோரம் ஒரு குரல் கிசுகிசுத்தது.

"பிடிச்சிருக்கேன். நீ தள்ளு."

மமதா என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறந்தால், மமதா என் கால்மாட்டில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

பெண் குழந்தை. பிறந்த கையோடு வீறிட்டு அழுதது.

"கழுத்துல சுத்து எதுவுமே இல்லையே," என்றார் டாக்டர். "கழண்டிருக்கும். சில நேரம் அப்படி ஆகும்."

குழந்தையை என் மார்பில் வைத்தார்கள். அந்தச் சூட்டில் எல்லோர் மீதும் இருந்த கோபம் ஒரு நிமிடம் மறந்தே போனது. மறுநிமிடம் ஃபிராங்க்ளின் உள்ளே வந்து, "நான்தான் சொன்னேனே, டென்ஷன் ஆகாதன்னு," என்றான்.

சுற்று இல்லை என்று தெரிந்தும் அம்மா விடவில்லை. ஸ்கேனில் இருந்ததே, எதற்கும் செய்துவிடலாம் என்றார். நாங்கள் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் கிளெமென்டைக் கூப்பிட்டார். ஒரு வெண்கலக் கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி அவன் முன்னால் வைத்தார். நான் குழந்தையோடு அவன் தோளுக்குப் பின்னால் நின்றேன்.

"எண்ணெய் காட்டிட்டு அப்படியே தலைக்குத் தேச்சு விடுவீங்களா மம்மி?" என்று சிரித்துக்கொண்டே குனிந்தான்.

சிரிப்பு நின்றது.

"பாத்தியா?" என்றார் அம்மா.

"பாத்தேன்."

"அவ்வளவுதான். தோஷம் போச்சு." நிம்மதியாகக் காபி போட உள்ளே போனார்.

கிளெமென்ட் திரும்பவில்லை. "கேரல்," என்றான் மெதுவாக. "குழந்தை கழுத்துல இருக்கறது யார் கை?"

"என்ன கை? ரெண்டு கையாலயும் அடியில பிடிச்சிருக்கேன்."

"நீயே பாரு."

குனிந்து பார்த்தேன்.

எண்ணெயில் என் மகளின் முகம் தெரிந்தது. அவள் கழுத்தில் ஈரம் பளபளக்க, நீலம் பாய்ந்த கொடி. இரண்டு சுற்று. இறுகித்தான் இருந்தது. ஆனால் கொடிக்கும் கழுத்துக்கும் நடுவே நான்கு விரல்கள் நுழைந்திருந்தன. ஒரு பெண்ணின் வலது கை. தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய தோல். கொடியைத் தாங்குகிற பாரத்தில் கணுக்கள் புடைத்திருந்தன. மணிக்கட்டில், அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகளில் பிரசவத்துக்கு வந்தவர்களுக்குக் கட்டுவதுபோல, பேர் எழுதிக் கட்டிய பேண்டேஜ் துணிப்பட்டை, மை கரைந்து கிடந்தது. அதற்கு மேலே ஒன்றும் தெரியவில்லை.

நிமிர்ந்து குழந்தையைப் பார்த்தேன். கழுத்து வெறுமையாக இருந்தது.

"எண்ணெயைக் கொட்டிடட்டுமா?" என்றான் கிளெமென்ட்.

"கொட்டினா அவ விட்டுட மாட்டாளே?"

கிண்ணம் அங்கேயே இருந்தது.

யாரிடம் சொல்வது? டாக்டர் தூக்கம் போதவில்லை என்பார். அம்மாவுக்கு மகனின் தோஷம் கழிந்துவிட்டது. ஃபிராங்க்ளின் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். கையாலாகாத ஆத்திரத்தோடு குழந்தையின் தாடையை நிமிர்த்தி விளக்கில் பார்த்தேன். வலப்பக்கம், தாடைக்குக் கீழே, மாவில் விரல் பதிந்ததுபோல வரிசையாகச் சின்னக் குழிகள். தொட்டால் அந்த இடம் மட்டும் சில்லென்றிருந்தது.

மறுநாள் காலை பால் குடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள். முகம் கறுத்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

பிறகு ஒரு பெரிய மூச்சை இழுத்து, அழத் தொடங்கினாள்.

அவள் தாடையை நிமிர்த்தினேன். வலப்பக்கக் குழிகள் மறைந்திருந்தன. இடப்பக்கத்தில் புதிதாக, சிவப்பாகப் பதிந்திருந்தன.

கொடியைப் பிடித்திருப்பவள் கை மாற்றியிருந்தாள்.