கரட்டீசுவரரின் ஒலியுரிமை

ஆயுத பூசையன்று நெருஞ்சிக்கரட்டுக் கோயிலின் கருவறைப் படியில் ஊராரின் கருவிகள் எல்லாம் இயங்கியபடியே வைக்கப்பட்டிருந்தன. அணைத்து வைத்த கருவியைப் படைப்பது வாடிய பூவைச் சாத்துவதற்கு ஒப்பாகும் என்பது அவ்வூரின் எண்ணம். ஆகவே களையெடுப்பானின் கைகள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. தையல் இயந்திரம் நூலின்றித் தைத்தது. செவிலியின் நாடிமானி எவருடைய நாடியும் இன்றிச் சிமிட்டிற்று. அவற்றின் நடுவே வண்டார்குழலி தன் பொன்செவியை வைத்தாள். குருக்கள் அதன் வட்டுக்குச் சந்தனமிட்டுக் குங்குமம் வைத்தார். பின் கற்பூரத்தை மூலவருக்கு ஏந்தினார். மணியோசை அடங்கிய கணத்தில் பொன்செவி பாடத் தொடங்கியது.

முதலில் வண்டின் முரல்வு. அடுத்து நரம்பை மீட்டியது போன்ற ஓர் இழை. பின்பு கல்தூண்கள் அதிரும்படியான பெருங்குரல். ஊரார் மெய்சிலிர்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டனர்.

“சாமியே பாடுதுங்!” என்றார் ஒருவர்.

குழலி மட்டும் கும்பிட்ட கையை இறக்க மறந்து நின்றாள். பாடுவது எது என்றும், அப்பாட்டு எங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்றும் அவளுக்குத் தெரியும்.

முற்காலத்தில் மண்ணில் இயல்பாய்க் கிடக்கும் கட்டிப்பொன்னைத் தேடியவர்கள் உலோகங்காட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப்படுகைகளில் திரிந்தனர். அது துருப்பிடித்த ஆணிக்கும் கூவும், சோடாப் புட்டியின் மூடிக்கும் கூவும். குழிக்கு மேல் குழி தோண்டினால் கடுகளவு பொன் கிட்டும். பொன்செவியோ அத்தகையதன்று. பொன்னணுவின் கருவுக்கே உரிய அதிர்வை எழுப்பி, அதன் மறுமொழியை மட்டும் கேட்பது. பனையாழத்தில் மிளகளவு பொன் கிடந்தாலும் அதன் வாய்ச்சொல் செவிக்கு எட்டிவிடும்.

அதன்பின் வந்தது ஒலியுரிமைச் சட்டம். தரைக்கடியில் உள்ள பொன்னை எந்தச் செவி முதலில் கேட்கிறதோ, அந்தச் செவியை உடைமையாகக் கொண்டவருக்கே அப்பொன் உரியது. செவி பாடிய மாத்திரத்தில் செய்தி விண்கோளை எட்டிப் பதிவாகும், தீர்ப்பின்றிப் பதிவை அழிக்க எவராலும் இயலாது, நிலத்துக்காரர் மறுக்கலாகாது. அச்சட்டம் மக்களின் வாழ்வையே மாற்றிவிட்டது. புதுமனைக்கு நிலை நிறுத்துகையில் அடியில் பொன்னிடும் வழக்கம் ஒழிந்தது. திருமண வீட்டார் நகைப்பெட்டியை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டனர். தங்கப்பல் கட்டிய பெரியவர் வெறுந்தரையில் கண்ணயர்ந்தால், எமனுக்கு முன்னே கடப்பாரை வந்துவிடும் என்று பேரப்பிள்ளைகள் பகடி செய்தனர்.

குழலி நிலவியல் கற்றவள். ஏமகூடம் என்னும் நிறுவனத்திற்காக மலையோடைகளில் பொன் தேடுபவள். அவள் தோளில் சுமந்த செவி அந்நிறுவனத்தின் உடைமை. தீபத்தட்டு கூட்டத்தைச் சுற்றி வருமுன்பே அவளது கைப்பட்டையில் எழுத்துகள் ஒளிர்ந்தன: ஒலியுரிமை பதிவாயிற்று, உரிமையாளர் ஏமகூடம், தோண்டுமிடம் கரட்டீசுவரர் கருவறை.

கணவரின் தமக்கை சென்னியம்மாள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

“ஏனம்மிணி, ஊருப்பட்ட ஆத்துல தேடியும் பத்தலீன்னு சாமிக்கு அடியிலயே கைய வெச்சுட்டியா?”

“வேணும்னு பண்ணலீங் நங்கையா.”

“வேணும்னு பண்ணுனயோ, வேண்டாம்னு பண்ணுனயோ, நாளைக்கு ஆண்டவனத் தூக்கி எங்க வெப்ப? உன்ற ஊட்டுச் சமையக்கட்டுலயா?”

தன் செவி கேட்டதால் தன் ஊரின் இறைவன் இடம்பெயரப் போகிறான் என்னும் எண்ணம் குழலியின் நெஞ்சில் முள்ளெனத் தைத்து நின்றது.

ஏமகூடத்தின் மேலாளர் நன்மாறன் விரைவிலேயே ஊருக்கு வந்தார். அவருடன் அறங்கூறியும் வந்தது. வழக்கு எழுந்த இடத்திலேயே கேட்டுத் தீர்ப்புரைக்கும் பொறி அது. கையூட்டு அறியாது, களைப்பு அறியாது. தன் முன் ஒருவர் உரைத்த சொல்லை ஒருபோதும் மறவாது. செம்புத்தூண் போன்ற அதனைக் கோயில் மண்டபத்தில் நிறுத்தினர்.

குருக்கள் கைகூப்பிப் பேசினார். “பிரதிஷ்டை பண்ணறச்சே ஒவ்வொரு ஆத்துக்காராளும் சுவாமிக்கடியில ஒரு குந்துமணிப் பொன் போட்டா. தாலியில கோத்த குண்டைக் கழட்டிப் போட்டவாளும் உண்டு. பஞ்சத்துலகூட ஒருத்தரும் அதைத் தொட்டதில்லே.”

“உங்க நம்பிக்கையை மதிக்கிறோம் ஐயா” என்றார் நன்மாறன். “ஆனா மலை வெச்ச பொன்னு, மனுசன் வெச்ச பொன்னுன்னு செவிக்கு வித்தியாசம் தெரியாது. யார் வெச்சாங்க, எதுக்கு வெச்சாங்கன்னு கேட்க ஆரம்பிச்சா சட்டமே நிக்காது. தரைக்கடியில அசையாம கிடக்கிற பொன் எல்லாம் கட்டிப்பொன்தான்.”

அறங்கூறி, “தரைக்கடியில் அசையாதிருக்கும் பொன் அனைத்தும் கட்டிப்பொன்னே. ஏமகூடம் தோண்டலாம். ஐப்பசி முடிந்தபின் தொடங்குக” என்றது.

மண்டபத்தில் சிலர் அழுதனர். சிலர் குழலியைப் பாராமல் எழுந்து போயினர். நன்மாறன் அவளருகே வந்து, “நல்ல கண்டுபிடிப்பும்மா. உங்களுக்குப் பதவி உயர்வுக்கு எழுதியிருக்கேன்” என்றார்.

குழலி பொன்செவியைத் தோளிலிருந்து கழற்றி அவர் கையில் வைத்தாள். “அதையும் இதையும் நீங்களே வெச்சுக்குங்க.”

அழுது நிற்பது அவளுக்கு இயல்பன்று. சந்நிதியில் தன்னந்தனியே அமர்ந்து, சிறுமியாய் இருந்தபோது கற்ற பதிகம் ஒன்றை மெல்லப் பாடினாள். அரசனே ஆயினும் அஞ்சேன் என்று முழங்கும் பாட்டு அது. பாடி முடிக்கையில் அவள் மனத்தில் ஓர் ஐயம் எழுந்தது. திங்கள்தோறும் தான் கண்டெடுத்த கட்டிகளை ஒப்படைக்கக் கோவையிலுள்ள ஏமகூடத்தின் நிலவறைக்கு அவள் செல்வதுண்டு. மலைமலையாகப் பொன் அடுக்கிய அறை அது. அதன் மேல் நின்றபோது அவள் தோளிலிருந்த செவி ஒருமுறையேனும் முனகியதில்லை. புல்லின் வேரில் ஒட்டிய துகளுக்கே பாடும் செவி அங்கே வாய்மூடிக் கிடப்பானேன்? நிறுவனத்தின் செவிகள் அவ்விடத்தில் மட்டும் செவிடாகுமாறு பணிக்கப்பட்டிருந்தன. அப்படியானால் அங்குள்ள பொன் இன்னும் எவர் பெயரிலும் பதிவாகவில்லை.

“நங்கையா,” என்று வீட்டுக்கு ஓடிவந்து கூவினாள், “அவிய பொன்னும் தரைக்கடியிலதானுங் இருக்குது!”

சென்னியம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். “எந்திரி. வண்டிய எடு.”

ஏமகூடம் தோன்றுமுன் செய்யப்பட்ட, எவருடைய பணிப்புக்கும் ஆட்படாத பழைய பொன்செவி ஒன்று கோலார்ப் பக்கத்துக் கடையில் கிடைத்தது. குருக்கள் உண்டியலைத் திறந்து அதனை வாங்கித் தந்தார். முதன்முதலாக உயிர்ப்பித்ததும் அது உடைமையாளரின் விவரம் கேட்டது.

“உரிமையாளர் பெயர்?”

“கரட்டீசுவரர்” என்றாள் குழலி. கோயிலில் எழுந்தருளிய இறைவன் சொத்துடைமைக்கு உரியவன் என்பதைச் சட்டம் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்டிருந்தது. ஆகவே செவி தடை சொல்லவில்லை.

“முகவரி?”

“நெருஞ்சிக்கரடு.”

“தொழில்?”

குழலி தயங்கினாள். பின்னாலிருந்து சென்னியம்மாள், “ஆடறதுன்னு போடு” என்றாள்.

செவி அதையும் ஏற்றுக்கொண்டது.

கோவையில் நிலவறைக்கு முன்னுள்ள பொதுச்சாலையில், கடைகள் திறக்கும் வேளையில் குழலி நின்றாள். அவளுக்குப் பின்னே ஊரார் இருந்தனர். அவர்களுக்குப் பின்னே வாடகைக்கு எடுத்த தோண்டுபொறி தன் இரும்புக்கையை மடித்துக் காத்திருந்தது. அவள் பழைய செவியின் வட்டைச் சாலையில் படியவைத்தாள்.

அதுவரை எந்தப் பொன்செவியும் அவ்வாறு பாடியதில்லை. மலையுச்சியிலிருந்து ஆறு மொத்தமும் ஒரே பாய்ச்சலாக விழுவது போன்றிருந்தது அந்த ஓசை. மாடங்களில் இருந்த புறாக்கள் ஒருசேர எழுந்தன. கடைக்காரர்கள் தெருவுக்கு ஓடிவந்தனர். செவியின் முகத்தில் எழுத்துகள் ஒளிர்ந்தன: உரிமையாளர் கரட்டீசுவரர், தோண்டுமிடம் ஏமகூட நிலவறை.

நன்மாறன் மூச்சிரைக்க வெளியே வந்தார். “என்ன பண்றீங்க? இது எங்க கிடங்கு!”

“தெரியுமுங். போன மாசங்கூட உள்ள வந்துட்டுத்தானுங் போனேன்.”

“இது எங்க பொன்னும்மா!”

“அசையாம கிடக்கிற பொன்னெல்லாம் கட்டிப்பொன்னுன்னு நீங்கதானுங் சொன்னீங்க. எங்க சாமி காதுல உளுந்துருச்சு.”

“கேட்டது அவரு, தோண்டறது நாங்க” என்றாள் சென்னியம்மாள். “தள்ளி நில்லுங்க தம்பி, மண்ணு மேல படும்.”

காவலர் வந்தனர், அறங்கூறியும் வந்தது. தோண்டுபொறியின் கை பாதி உயர்ந்த நிலையில் நின்றது. நன்மாறன் காதில் செருகியிருந்த பேசியில் ஏமகூடத்தின் முதலாளிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் இரைந்துகொண்டிருந்தனர். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“செவி கேட்டா மட்டும் போதாதுங்க,” என்றார் அறங்கூறியிடம். “அந்தப் பொன்னை வெச்சவங்க எதுக்காக வெச்சாங்கன்னு பார்க்கணும்.”

“எதற்காக என்று கேட்டால் சட்டம் நில்லாது என முன்பு உரைத்தீர்” என்றது அறங்கூறி. “இன்று அதனையே கேட்கச் சொல்கிறீர். கேட்கிறேன், இருவரையும் கேட்கிறேன். கரட்டீசுவரர் அடியிலுள்ள பொன் எதற்காக வைக்கப்பட்டது?”

குழலி நிமிர்ந்து நின்றாள். “எடுக்கறதுக்கில்லீங். வெச்சவிய யாரும் திருப்பி எடுக்கோணும்னு வெக்கலீங்.”

“எடுப்பதற்கன்று என வைத்த பொன் படையல். படையலைத் தோண்ட எவருக்கும் உரிமையில்லை. கோயிலின் மீதான பதிவு நீங்கிற்று.”

ஊரார் எழுப்பிய ஆரவாரத்தில் குருக்களின் அழுகை கேட்கவில்லை. அத்துடன் திரும்பிப் போயிருக்கலாம், எவரும் போகவில்லை. குழலி செவியின் வட்டைத் தரையிலிருந்து எடுக்கவும் இல்லை.

“ஏமகூடத்தின் பொன் எதற்காக வைக்கப்பட்டது?” என்றது அறங்கூறி. “எடுப்பதற்கென வைத்ததாயின் அது முதலில் கேட்டவருக்குரியது, கரட்டீசுவரர் இப்போதே தோண்டலாம். எடுப்பதற்கன்றாயின் அதுவும் படையல். இரண்டில் எதுவெனக் கூறுக.”

நன்மாறன் தோண்டுபொறியைப் பார்த்தார். அதன் இரும்புப் பற்களில் வெயில் மின்னிற்று. காதுக்குள் முதலாளிகள், ‘தோண்ட விடாதே, எதையாவது சொல், உடனே சொல்’ என்று கதறினர்.

“எடுக்கறதுக்கு இல்ல” என்றார் அவர்.

“எக்காலத்தும்?”

இரும்புக்கை சற்றே மேலெழுந்தது.

“எக்காலத்தும் இல்ல! போதுமா?”

“போதும். ஏமகூடத்தின் பொன் படையல். அதனை எடுக்க எவருக்கும் உரிமையில்லை, வைத்தவருக்கும் இல்லை.”

காதுக்குள் இரைச்சல் சட்டென அடங்கியது. நன்மாறன் சாலையோரத் திண்டில் அப்படியே அமர்ந்தார். அவரது கைப்பட்டை அடுத்தடுத்து வந்த செய்திகளால் ஓயாது அதிர்ந்தது. சென்னையிலும் மும்பையிலும் இருந்த பிற நிறுவனங்களின் பொற்கிடங்குகளுக்கு முன்னும் பழைய செவிகளோடு மக்கள் கூடத் தொடங்கியிருந்தனர். எல்லாக் கிடங்குகளின் மேலாளர்களும் அவரைப் போலவே தப்புவதற்கு ஒரு சொல் தேடிக்கொண்டிருந்தனர். அச்சொல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அவர் தலைநிமிர்ந்து குழலியைப் பார்த்தார்.

“இனி இவ்வளவு பொன்னையும் வெச்சுக்கிட்டு நாங்க என்னம்மா பண்றது?”

“பூசை பண்ணுங்க” என்றாள் குழலி. “வேளை தவறாம பண்ணோணுமுங்.”

நிலவறை வாயிலில் நின்ற காவலர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பின்பு குனிந்து, தம் காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்தார்.