நூறாம் நாளுக்குப் பிறகு

பாம்பனில் யாரும் கெல்ப் என்ற கடற்பாசி வேண்டும் என்று மட்டும் கேட்பதில்லை. இலை எத்தனையாம் நாள் என்று சொல்லித்தான் வாங்குவார்கள். உடல் உழைப்பவர்களுக்கு முப்பதாம் நாள் இலை, அப்போது புரதம் அதிகம். பிள்ளைகளுக்கு அறுபதாம் நாள், இனிப்பு ஏறியிருக்கும். தொண்ணூறில் பிசின் கூடிவிடும், அது ஐஸ்கிரீம்காரர்களுக்கு. ஒரே இலைதான், வாரத்துக்கு வாரம் வேறு பண்டமாகிவிடுகிறது.

இதை ஊருக்குக் காட்டியது ஹபீப் கண்டுபிடித்த நாள்மானி. மோதிரம் போல விரலில் மாட்டி இலையைத் தொட்டால், வயதையும் சத்தையும் சொல்லிவிடும். கெட்டிக்கார மனிதர். ஆழ்கடலின் குளிர்நீரை மேலே ஏற்றி, வெயில் கடலில் கெல்ப் வளர்த்தவரும் அவர்தான்.

அவருக்குப் பிடிபடாதவர் ஜெனோவா மட்டுமே. ஜெனோவாவும் அவரோடு பதினான்கு பெண்களும் தங்கள் பாறையில் அமாவாசையிலிருந்து பன்னிரண்டு நாள் முங்கிப் பாசி அறுப்பார்கள். மீதி நாள் கடலைத் தொடமாட்டார்கள். அந்த ஓய்வில் தொண்ணூறைத் தாண்டும் இலைகளை வாங்க ஆளில்லை. அவை பாறையிலேயே கிடந்து கசந்து போகும்.

"எவ்வளவு இலை வீணாப் போகுதுக்கா" என்றார் ஹபீப்.

"போகட்டும் தம்பி. கடலும் கொஞ்சம் மூச்சு விடணும்ல."

மற்ற பாறைகளில் அறுப்பு மீன்கள் என்ற இயந்திரங்கள் வேலை செய்தன. ஒவ்வொரு இலையையும் அதற்குரிய நாளில் அறுத்தன. பார்க்கவே அழகாக இருக்கும். அதே விளைச்சலைக் காட்டாவிட்டால் பெண்களின் பாறை பறிக்கப்படும் என்று கடற்பாசி வாரியத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. ஒரு வருடம் கெடு.

கெடு முடிவதற்குள் மற்ற பாறைகளில் புதுத் தளிர் நின்றுபோனது. நூறு நாள் தாண்டி முதிர்ந்து கசந்த இலையில்தான் வித்து பிடிக்கும் என்பது ஹபீபுக்குத் தெரியாததல்ல. எங்காவது நாலு இலை தப்பிவிடும் என்று நினைத்திருந்தார். அவர் செய்த மீன்கள் அவ்வளவு திறமையானவை. ஒன்றைக்கூடத் தப்பவிடவில்லை.

பெண்களின் பன்னிரண்டாம் நாளில் அவரும் அவர்களோடு முங்கினார். பாறை முழுக்கக் கிழிந்த, தடித்த இலைகள். அவற்றில் கறுப்புத் திட்டுகளாக வித்து. ஹபீப் ஒரு திட்டைத் தொட்டுப் பார்த்தார். நாள்மானி மட்டும், "நூற்று நாற்பதாம் நாள். பயனற்றது. அகற்றவும்" என்றது. கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

படகில் ஏறியதும் கெஞ்சினார். "நாளைக்கே வித்து எடுத்துக் குடுங்கக்கா. எல்லாப் பாறையிலயும் விதைச்சிடலாம்."

"நோட்டீசு?"

"வாரியத்துல பேசிட்டேன். இனி வராது."

ஜெனோவா தலையைத் துவட்டியபடி சொன்னார். "சரி, தர்றோம். ஆனா இன்னையோட எங்க நாள் முடிஞ்சுது. இனி அடுத்த அமாவாசைக்குத்தான் இறங்குவோம்."

மற்ற பெண்கள் ஹபீபைப் பார்த்தார்கள். நாள்மானியைக் கண்டுபிடித்தவர் விரல் விட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.