போத்தலின் அடியில் மூன்று அரிசி

சரவணையில் சறோஜினிதேவி ரீச்சர் வீட்டு விறாந்தையில் அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் இருந்தவர்கள் ஆறு பேர். வீட்டுக்குரிய சறோஜினிதேவி, வயது எழுபத்திரண்டு, அந்தக் குடும்பத்துக்கு மூத்தவர். அவருடைய தம்பி மார்க்கண்டுவின் மகன் சுஜிதன். சுஜிதனின் தங்கை வினோதா. சுஜிதனின் மனைவி கிறிஸ்ரினா, நெடுந்தீவுப் பெண், கதிரை காலியாக இருந்தும் தூணோடு நின்றவள். ஊர்காவற்றுறையிலிருந்து வரவழைக்கப்பட்ட மார்கிரட் மிஸி. அவரை ஓட்டோவில் ஏற்றி வந்த வாகீசன். இவர்களைத் தவிர வேறு எவரும் அங்கே இல்லை. இதைச் சொல்லக் காரணம் உண்டு. தாங்களும் அங்கே இருந்ததாகப் பிறகு ஊரில் சொல்லித் திரிந்தவர்கள் இருபது பேருக்குக் குறையாது.

ஏழாவதாக இருந்திருக்க வேண்டியவர் மார்க்கண்டு. அவர் யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஐந்து நாளாகப் பேச்சு மூச்சில்லாமல், வாய்க்குள் குழாயுடன் கிடந்தார்.

மார்கிரட் மிஸி அரசாங்க மருந்தகங்களில் முப்பத்து நாலு வருடம் குளிசை கொடுத்து ஓய்வு பெற்றவர். தீவுப்பகுதியில் எவருக்காவது என்ன தின்று என்ன வந்தது என்று விளங்காவிட்டால் அவரைத்தான் தேடுவார்கள். அவர் குரல் உயர்ந்ததை எவரும் கேட்டதில்லை. வாகீசன் அதற்கு நேர்மாறு. மிஸி ஒரு கேள்வி கேட்பதற்குள் அவன் மூன்று பதில் சொல்லிவிடுவான்.

"தம்பி ஞாயிற்றுக்கிழமை விடிய இரத்தமாய்ச் சத்தி எடுத்தவன்," என்றார் சறோஜினிதேவி. முதுகு கதிரையில் படாமல் இருந்தது. "இரத்தம் உறையிற தன்மையே இல்லாமல் போச்சுதாம். எலிப்பாசாணம் திண்டாலும் இப்பிடி வருமெண்டு டொக்டர் சொன்னவராம். அந்தச் சொல்லு எங்களுக்கு முதல் ஊருக்கு வந்து சேர்ந்திட்டுது."

"ஊர் என்ன சொல்லுது ரீச்சர்?"

சறோஜினிதேவி தூண் பக்கம் பார்க்கவில்லை. "அந்தப் பிள்ளை குடுத்ததெண்டு."

இரண்டு வருடமாக அவர் கிறிஸ்ரினாவுக்கு வைத்திருந்த பெயர் அதுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. சுஜிதன் தேவாலயத்தில் தாலி கட்டிய நாளிலிருந்து அந்தப் பிள்ளை இந்த விறாந்தையில் இருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்ததும் கிடையாது.

"நான் வாங்கினது உண்மைதான் மிஸி," என்றாள் கிறிஸ்ரினா. "நெல்லு மூடைக்குள்ள எலி. ஆனால் பைக்கற் உடைக்கேல்லை. உடைக்காத பைக்கற்றைத்தான் பொலிஸும் கொண்டு போனது. அதுக்கு, இவள் ரெண்டு வாங்கியிருப்பாள் எண்டு சனம் சொல்லுது."

"திங்கட்கிழமை பொலிஸ் திரும்ப வருது," என்றார் சறோஜினிதேவி. "வினோதாவுக்குக் கலியாணம் பேசின இடத்திலயிருந்து நேற்று ரெலிபோன் எடுத்து, கொஞ்சம் பொறுத்துப் பாப்பம் எண்டுட்டினம். எங்கட குடும்பத்துக்கு ஒருத்தரும் கை நீட்டிப் பேசினது கிடையாது. உண்மையில நஞ்சு வைச்சிருந்தால் ஆர் எண்டு எனக்குத் தெரியவேணும். வைக்கேல்லையெண்டால், இல்லையெண்டு எல்லாருக்கும் முன்னால சொல்ல வேணும்."

வினோதா தேசிக்காய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். மார்கிரட் மிஸி ஆறுதலாகக் குடித்தார். முடிவில் கிளாஸைச் சரித்து அடியைப் பார்த்தார். பழுப்பு நிறத்தில் ஓர் அரிசி கிடந்தது.

"உப்புப் போத்தலுக்குள்ள வறுத்த அரிசி போட்டு வைக்கிறது மிஸி," என்றாள் வினோதா வெட்கத்துடன். "இஞ்ச மாமி எல்லாப் போத்தலுக்குள்ளயும் போடுவா. இந்த ஈரச் சோளகக் காத்துக்கு, இல்லாட்டில் எல்லாம் கசிஞ்சு போகும்."

"நல்ல பழக்கம்," என்றார் மிஸி. பிறகு சுஜிதனிடம் திரும்பினார். "அப்பா என்ன மருந்து எடுக்கிறவர்?"

"மருந்தெண்டு ஒண்டுமில்லை. கனடாவிலயிருந்து அப்பாவின்ர தங்கச்சி, சின்ன மாமி, அனுப்புற இருதயக் குளிசை மட்டும். பீற்றூட், உள்ளிப்பூடு, இன்னும் என்னவோ பழம். சுத்த இயற்கை எண்டு போட்டிருக்கு. காலமை, மத்தியானம், இரவு ஒவ்வொண்டு. இஞ்ச பெரிய மாமிக்கும் அதே போத்தல்தான் வாறது. ஏழு மாசமாய் ரெண்டு பேரும் எடுக்கினம்."

"பிடிச்சாச்சு!" என்றான் வாகீசன். "உள்ளி இரத்தத்தை இளக்கும். நான் போனில பாத்தனான். கனடாக் குளிசைதான் மிஸி கள்ளன்."

"உள்ளி கொஞ்சம் இளக்கும்தான். இயற்கை எண்டு எழுதியிருந்தால் சோதிக்காமல் விழுங்கலாம் எண்டில்லை. ஆனால் ஏழு மாசம் சும்மா இருந்த குளிசை எட்டாம் மாசம் ஏன் கடிக்குது? அதைச் சொல்லும் வாகீசன்."

பதிலுக்குக் காத்திருக்காமல் மிஸி மறுபடி சுஜிதன் பக்கம் திரும்பினார்.

"டொக்டர் வேறென்ன கேட்டவர்?"

"இரத்தம் இளக்கிற குளிசை வீட்டில ஆராவது எடுக்கினமோ எண்டு கேட்டவர்," என்றான் சுஜிதன். "எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் நெஞ்சு வருத்தம் கிடையாதெண்டு சொன்னனான்."

அது சறோஜினிதேவியின் வசனம். மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்த அன்று இதே விறாந்தையில், இதே கதிரையில் இருந்து அவர் சொன்னது. இப்போது அதைப் பிறர் வாயில் கேட்டபோது கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். அவர் எவருக்கும் சொல்லாத ஒன்று இருந்தது. அதற்கும் தம்பியின் இரத்தத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று ஐந்து நாளாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் வேலிக் கடப்பைத் தாண்டிப் பக்கத்து வளவில் மார்க்கண்டுவின் வீட்டுக்குப் போனார்கள். போகும் வழியில் வாகீசன் சும்மா இருக்க முடியாமல் கேட்டான்: "ரீச்சருக்கு இந்த மாசம் பென்சன் ரெண்டு தரம் வந்ததோ? ரெண்டு தரம் விடிய முதல் பஸ்ஸில யாழ்ப்பாணம் போகக் கண்டனான்."

"உமக்கு ஓட்டோ ஓடுறதோ வேலை, ஆக்களை எண்ணுறதோ?" என்றார் சறோஜினிதேவி.

மார்கிரட் மிஸி செருப்பைக் கழற்றிவிட்டு மார்க்கண்டுவின் வீட்டுக்குள் ஏறினார். முதலில் குசினிக்குள் போய் எட்டிப் பார்த்தார். அடுப்பு மேடையில், சூடு படும் இடத்தில், சிரட்டைக்குள் உப்பு இருந்தது. "உப்பு எப்பவும் இப்பிடித்தானோ?" என்று கேட்டார்.

"ஓம் மிஸி. நெடுந்தீவில எங்கட வீட்டில அப்பிடித்தான். அடுப்புச் சூட்டில காஞ்சிருக்கும்," என்றாள் கிறிஸ்ரினா.

மார்க்கண்டுவின் அறையில், தலைமாட்டு மேசையில், அந்தப் போத்தல் நின்றது. சிவப்பு இருதயமும் பச்சை இலையும் போட்ட கனடாப் போத்தல். மிஸி மூடியைத் திறந்து வெள்ளைக் கைலேஞ்சித் துணியில் கவிழ்த்தார். குளிசை ஒன்றும் இல்லை. வெளிறிய ரோசாப்பூ நிறத்தில் கொஞ்சம் தூள் விழுந்தது. தூளோடு மூன்று அரிசி. வறுத்த அரிசி.

"சனிக்கிழமை இரவோட முடிஞ்சுது," என்றாள் கிறிஸ்ரினா. "அதுக்கு ஒரு கிழமைக்கு முதல் மாமா சந்தோசமாய்ச் சொன்னவர், இந்த முறைக் குளிசை சின்னன், விழுங்கச் சுகமாயிருக்கெண்டு. புதுப் பார்சல் வந்ததாக்கும் எண்டு நான் நினைச்சன்."

"பார்சல் வந்ததோ?"

"இல்லை," என்றான் சுஜிதன். "வைகாசிக்குப் பிறகு ஒண்டும் வரேல்லை."

மிஸி கைலேஞ்சியை மடித்தார். "ரீச்சர், நயினாதீவுத் திருவிழாவுக்குப் போனனீங்களோ?"

"போனனான். கடைசி ஐந்து நாளும் அங்க மடத்தில நிண்டனான்."

"உங்கட வீட்டுச் சாமியறையில அந்த ஐந்து நாளும் விளக்கு வைச்சது ஆர்?"

"தம்பி. வீட்டுத் திறப்புக் கொத்து அவனிட்டத்தான் குடுத்தனான்."

சொல்லி முடிப்பதற்குள் சறோஜினிதேவி யன்னல் வழியே தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சாமியறைக்குள்தான் அவருடைய அலுமாரி நின்றது. அந்த அலுமாரியைப் பூட்டும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அக்காவின் அலுமாரியில் தம்பி கை வைப்பதைக் களவு என்று நினைக்க, அறுபது வருடத்தில் ஒரு நாளும் இடம் வந்ததில்லை. கனடாப் பார்சல் வந்தால் அதற்குள் இருந்துதான் எல்லோருக்கும் பங்கு போகும்.

மார்கிரட் மிஸி அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "தனியக் கதைப்பமோ ரீச்சர்? நீங்கள் விரும்பினால் மற்ற ஆக்கள் வெளியில நிக்கட்டும்."

சறோஜினிதேவி சுற்றிப் பார்த்தார். சுஜிதன், வினோதா, வாகீசன். கதவு நிலையில், ஐந்து நாளாக நித்திரை கொள்ளாத முகத்துடன் கிறிஸ்ரினா. எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டும் என்று கேட்டது தான்தான்.

"இஞ்சயே சொல்லும்," என்றார்.

"சொல்லுறன். இந்தத் தூளின்ர நிறம் கனடாக் குளிசையின்ர நிறம்தான். பீற்றூட் நிறம். ஆனால் கனடாக்காரர் போத்தலுக்குள்ள வறுத்த அரிசி போட்டு அனுப்புறேல்லை. இந்த வீட்டில உப்புக்கே அரிசி போடுறேல்லை. அரிசி போடுற வீடு ஒண்டுதான். அப்ப, கடைசியாய் இந்தப் போத்தலுக்குள்ள விழுந்தது வேலிக்கு அங்கால இருந்து வந்திருக்க வேணும். ஐயாவுக்குத் தன்ர குளிசை முடிஞ்சுது. விளக்கு வைக்கப் போன இடத்தில அக்காவின்ர அலுமாரியில அதே போத்தலைக் கண்டார். ஒரு கை அள்ளினார். அரிசியும் சேர்ந்து வந்திட்டுது."

"அதுவும் அதே இயற்கைக் குளிசைதானே மிஸி?" என்றான் வாகீசன்.

"அதே குளிசையெண்டால் ஏன் சின்னனாய் இருந்தது? கிளினிக்கில குளிசையைக் கடதாசிச் சரையிலதான் குடுக்கிறது. நான் முப்பத்து நாலு வருசம் சுத்திக் குடுத்தனான். உப்புக் காத்துக்குக் கடதாசி ஒரு கிழமை தாங்காது. அதால இஞ்ச சனம் வெளிநாட்டு வெறும் போத்தலுக்குள்ள கொட்டி வைக்கும். இரத்தம் இளக்கிற குளிசையில ஒண்டு, சின்னன், ரோசாப்பூ நிறம். ஒரு நாளைக்கு ஒண்டுக்கு மேல எடுக்க ஏலாது. அதுக்கும் மாசம் மாசம் இரத்தம் சோதிக்க வேணும். ஐயா லேபிளைப் பார்த்து ஒரு நாளைக்கு மூண்டு எடுத்திருக்கிறார், ஒரு கிழமையாய்." மிஸி சற்று நின்றார். "குளிசை குறைஞ்சு போன ஆள் அடுத்த மாசம் மட்டும் பொறுக்கேலாது. ரெண்டாம் தரமும் முதல் பஸ் எடுக்கத்தான் வேணும்."

வாகீசன் ரீச்சரைத் திரும்பிப் பார்த்தான்.

"ஒரு வருசமாய் எடுக்கிறன்," என்றார் சறோஜினிதேவி. குரல் வகுப்பறைக் குரல்தான். "இருதயம் ஒழுங்காய் அடிக்கேல்லையாம். வினோதாவுக்குப் பேச்சு நடக்குது. பரம்பரையில நெஞ்சு வருத்தம் எண்டால் எந்த மாப்பிள்ளை வீடு வரும்? அதுதான் போத்தல் மாத்தினனான். கண்டாலும் கனடாக் குளிசையெண்டு நினைக்கட்டுமெண்டு. திருவிழாவால வந்து பாக்க நாலைஞ்சுதான் மிச்சம். கிளினிக்கில குறைச்சுத் தந்திட்டினமாக்கும் எண்டு நினைச்சன். ஒருத்தரையும் கேக்க ஏலாது. கேட்டால் எல்லாம் வெளியில வரும்."

வெளியே சோளகம் பனையோலைகளைப் போட்டு அடித்தது.

"சுஜிதன்," என்றார் மிஸி, "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து, என்ன குளிசை, எத்தினை நாள் எண்டு சொல்லும். மாமியின்ர கிளினிக் கொப்பியைப் பார்த்து வாசியும். எலிப்பாசாணம் எண்டு நினைச்சு வைத்தியம் செய்யிறதும், இது இன்னதெண்டு தெரிஞ்சு செய்யிறதும் ஒண்டில்லை."

கொப்பி வேலிக்கு அந்தப் பக்கம், சாமியறை அலுமாரியின் அடித்தட்டில், கலியாணப் பட்டுச் சேலைக்குக் கீழே இருந்தது. சறோஜினிதேவியே எடுத்துக் கொடுத்தார். பக்கத்திலேயே அதே சிவப்பு இருதயம் போட்ட போத்தல் நின்றது. மிஸி அதைக் கவிழ்த்ததும் சின்ன ரோசாப்பூ நிறக் குளிசைகளும் வறுத்த அரிசியும் கலந்து உள்ளங்கையில் விழுந்தன.

மறுநாள் சனிக்கிழமை மார்க்கண்டுவுக்குக் குழாய் எடுத்தார்கள். அவர் சொன்ன முதல் பேச்சு, "அக்காவின்ர போத்தலில கொஞ்சம் எடுத்தனான், கேக்காமல் எடுத்ததெண்டு குறை நினைப்பாவோ" என்பது. சறோஜினிதேவி அதைக் கேட்டு வார்ட்டுக்கு வெளியே போய் வாங்குப் பலகையில் இருந்தார். கிறிஸ்ரினா போத்தல் தண்ணீரை நீட்டினாள். வாங்கிக் குடித்தார்.

அன்றிரவே மாப்பிள்ளை வீட்டுக்குத் தானே ரெலிபோன் எடுத்தார். எனக்கு இருதய வருத்தம் இருக்கு, முதல் சொன்னது பொய், யோசிச்சுச் சொல்லுங்கோ என்றார். அவர்கள் யோசிக்கிறோம் என்றார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து அழைப்பு இல்லை. வினோதா மட்டும் ரெலிபோனைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை, பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போன கையோடு, சறோஜினிதேவி சங்கக்கடைக்குப் போனார். பதினைந்து வருடத்தில் அவர் அங்கே தானாகப் போனது அதுவே முதல் தரம். கூடவே கிறிஸ்ரினா. சாமான் நிறுக்கிற சத்தம் நின்றது. வரிசையில் நின்ற பதினொரு பேரும் வழி விட்டார்கள். அவர் வழியில் போகவில்லை, நடுவில் நின்றார்.

"என்ர மருமகள் கிறிஸ்ரினா மாமனுக்கு எலிப்பாசாணம் வைச்சவள் எண்டு இஞ்ச ஒரு கதை நடக்குது. அது பொய். வைக்கேல்லை. தம்பி திண்டது என்ர இருதயக் குளிசை. எனக்கு இருதய வருத்தம். அதை ஒளிச்சது நான். போத்தல் மாத்தி வைச்சதும் நான். இனி ஆராவது கதைக்கிறதெண்டால், இதைக் கதையுங்கோ."