கடித்து வைத்த ரொட்டி

கடித்த இடம் ஈரமாக இருந்தது.

சல்கின் அந்த ரொட்டியைத் துணியிலிருந்து எடுத்து மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். போன இலையுதிர் காலத்திலிருந்து காய்ந்து கல்லாகிப்போன ரொட்டி. மலைக்குப் புறப்பட்ட அன்று அவள் கணவன் துராத் வாசலில் நின்று ஒரு வாய் கடித்துவிட்டு மீதியை அவளிடம் கொடுத்தான். அது அவர்கள் ஊர் வழக்கம்; அதைச் சுவரில் மாட்டி வைக்க வேண்டும். போனவன் திரும்பி வந்து தின்று முடிக்க வேண்டும். துராத் திரும்பவில்லை. மேல் ஏரிக்கரையில் சுமைக்குதிரை சறுக்கி, பிடிக்கப் போனவனையும் இழுத்துக்கொண்டு தண்ணீரில் விழுந்தது. குதிரை கரையேறிவிட்டது. அவன் உடல்கூடக் கிடைக்கவில்லை. நாற்பதாம் நாள் படையலன்று ரொட்டியைப் பறவைகளுக்குப் பிய்த்துப் போட்டிருக்க வேண்டும். அவளுக்குக் கை வரவில்லை.

இப்போது மலையேற வந்த வெளியூர்க்காரர்களுக்குச் சமைத்துப் போடும் வேலையில் அதே ஏரிக்குப் போகிறாள். குதிரைகளை ஓட்டி வருகிறவன் துராத்தின் தம்பி எசென்.

"இத எலி கடிச்சிருக்குமா, எசென்?"

"இந்தக் கல்லையா? எந்த எலிக்கு அண்ணி பல்லு வேணாம்னு ஆயிடுச்சு?" என்றவன் குதிரையின் வாரை இறுக்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ஏரியில போட்டுடறேன்னு சொல்லித்தானே எடுத்தாந்தீங்க. போட்டுடுங்க. அவன் போயிட்டான். வீட்டுல பொண்ணுக்கு இனி நீங்க மட்டுந்தான்."

"போட்டுடறேன்."

மறுநாள் கணவாயைத் தாண்டிப் புல்வெளியில் கூடாரம் போட்டார்கள். துணியைப் பிரித்தபோது ரொட்டி பாதிதான் இருந்தது. கடிபட்ட விளிம்பு அன்று சுட்டதுபோல மெத்தென்றிருந்தது. சேற்று வாடை. பயந்துபோய்த் துணியை மூடினாள். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் ஒரு சந்தோஷமும் கிடந்தது. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. யாரிடமும் சொல்லவில்லை.

ஏரிக்கு வந்து சேர்ந்த மதியம், எசென் வெளியூர்க்காரர்களைப் பனிப்பாறை காட்ட மேட்டுக்கு அழைத்துப் போனான்.

"காசக் குடுத்து முதுகுவலி வாங்குற சனங்க," என்று முணுமுணுத்தவன் திரும்பிப் பார்த்தான். "நான் வர்றதுக்குள்ள முடிச்சுடுங்க அண்ணி."

அவள் தண்ணீர் வரை போனாள். ரொட்டியில் ஒரு வாய்தான் மிச்சம். கையை ஓங்கினாள், இறக்கினாள், துணியில் சுற்றிக்கொண்டு கூடாரத்துக்கே திரும்பினாள். அதற்குள் ஏரியிலிருந்து மூடுபனி எழுந்து, முதலில் எதிர்க்கரையையும் பிறகு குதிரைகளையும் பிறகு அடுப்புக் கல்லுக்கு அப்பால் இருந்த எல்லாவற்றையும் மெதுவாக விழுங்கியது. ஈரக் கம்பளியின் வாடை வந்தது, அதற்குள் துராத்தின் புகையிலை வாடையும் இருந்தது. கரையில் கூழாங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்தன, கனமான பூட்ஸ் போட்ட ஒருவன் களைத்து நடந்தால் நகர்வதுபோல.

குதிரைகளின் சத்தம் நின்றது.

கூடாரத் துணி விலகியது.

அவன்தான். எப்போதும் உட்காரும் பக்கமே உட்கார்ந்தான். சட்டைக் கையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. ஒழுகிக்கொண்டே இருந்தது. முகத்தை அவள் முழுதாகப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

துணியைப் பிரித்து நீட்டினாள். கடைசி வாயைத் தின்றான்.

"வந்துட்டீங்கள்ல," என்றாள். "வாங்க, வீட்டுக்குப் போலாம்."

அடுப்போரம் அவள் காலையில் சுட்டு வைத்த ரொட்டியை எடுத்தான். அவள் வாய்க்கு நேராக நீட்டினான்.

கடித்தால், மீதியைத் தின்ன ஒரு நாள் அவள் அவனிடம் வந்தாக வேண்டும்.

மேட்டிலிருந்து எசென் கூப்பிட்டான். "அண்ணி!" வெகு தூரத்தில்.

மகள் முகம் நினைவுக்கு வந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டாள். அந்தக் கை நடுங்கியது. குளிரில் நடுங்கும் கை. அவள் எத்தனையோ பனிக்காலம் தன் கைக்குள் வைத்துச் சூடேற்றிய கை.

கடித்தாள்.

அவன் மீதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே போய் ஏரிக்குள் இறங்கினான். முழங்கால். இடுப்பு. கழுத்து. பனி கொஞ்சம் விலகியது. தலை அமிழ்ந்த இடத்தில் ஒரு கை மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றது, அசையாமல், அவளுடைய ரொட்டி நனைந்துவிடாதபடி உயர்த்திப் பிடித்துக்கொண்டு.