வலப்பக்கத்து நாடா

நாடாவில் தூசி இல்லை. அதுதான் சிட்டிபாபுவுக்கு முதலில் உறுத்தியது.

ஊடைநூலைச் சுமந்து ஓடும் மரத்துண்டுதான் நாடா; இது கோர்வைச் சேலைக்கு மட்டும் வேண்டியது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்தால் ஒருவனால் ஆகாது. வலக்கரை நாடாவைத் தள்ளி வாங்க இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த ஆள் போனதிலிருந்து சிட்டிபாபு கோர்வையைத் தொடுவதில்லை. சுவரோரத் தட்டில் கிடந்த நாடாவின்மேல் ஒரு வருஷத் தூசி கம்பளி மாதிரிப் படிந்திருந்ததை நேற்றுகூடப் பார்த்தான். இன்று அது வழுவழுவென்று, இப்போதுதான் கைமாறியது போல, தறியின்மேலேயே கிடந்தது. எடுத்தான். இளஞ்சூடு. முகர்ந்தான். லவங்க வாசனை.

கமலவேணிக்குச் சொத்தைப் பல். நெய்யும்போதெல்லாம் கன்னத்தில் ஒரு லவங்கத்தை அடக்கிக்கொள்வாள்.

தறிவீட்டுச் சாவி அவன் அரைஞாணில்தான் தொங்கியது.

"எலி இழுத்துப் போட்டிருக்கும்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டான்.

கமலவேணி அவன் தம்பி கைலாசத்தின் பெண்டாட்டி. கல்யாணமான இரண்டாம் வருஷம் கைலாசத்துக்கு மனச்சிதைவு நோய் வந்தது. தெருவில் போகிறவர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்பான். தண்ணீர்க் குழாயில் குரல் கேட்கிறது என்பான். அவன் அறைக்குள் முடங்கிய பிறகு, அண்ணன் தறியில் வலப்பக்கம் உட்கார்ந்தவள் அவள்தான். போன ஐப்பசி மழையில் ஒருநாள் சிட்டிபாபு அவள் கையைப் பிடித்தான். கையிலிருந்த நாடாவாலேயே அவன் முகத்தில் அடித்துவிட்டு அவள் கத்த வாயெடுத்தாள். வாயைப் பொத்தினான். கையை எடுத்தபோது அவள் கத்தவில்லை. மூச்சும் விடவில்லை.

நெய்கிறவன் காலைத் தொங்கவிட்டு உட்காரும் தறிக்குழியை இன்னும் ஆழமாகத் தோண்டினான். மேலே சிமெண்ட் பூசினான். பைத்தியக்காரனோடு எவள் இருப்பாள், ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் எவனோடோ ஏறிவிட்டாள் என்றான். ஊர் நம்பியது.

கைலாசம் மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டான். "கமலா குழில இருக்குதுபா. அண்ணன்தான் போட்டுச்சு" என்று தெருத் தெருவாகச் சொன்னான். குழாயில் குரல் கேட்கிறவன் சொன்னால் யார் கேட்பார்கள்? கேட்டவர்கள் சிட்டிபாபுவின் தோளைத் தட்டி ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மாத்திரையில் குரல்கள் அடங்கின. குழி மட்டும் அடங்கவில்லை. அதனால்தான் டாக்டர் அவனை மனநல ஆலோசகர் வத்ஸலா மேடத்தின் பயிற்சிக்கு அனுப்பினார்.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாடி ஹாலில், புதன்கிழமைதோறும் வத்ஸலா சுவரில் கம்ப்யூட்டர் படம் காட்டுவார். முதலில் இரண்டு மூன்று கோடுகள்தான் விழும். பிறகு ஒவ்வொன்றாகக் கூடும். என்ன படம் என்று சொல்வதல்ல பயிற்சி; எப்போது சொல்வது என்பதுதான். இந்த நோய் மனசை அவசரப்படுத்தும், அரைகுறையாகக் கண்டதை வைத்து முழு முடிவு கட்ட வைக்கும் என்பார்.

"சட்டுனு தீர்மானம் பண்ண வேண்டாம். வேற காரணம் இருக்குமான்னு பாருங்கோ. எத்தனை பர்சென்ட் நிச்சயம்னு உங்களையே கேட்டுக்கோங்கோ."

துணைக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சிட்டிபாபு உருகிப் போனான். இப்படி ஒரு மருந்தை அவன் எங்கே தேடியிருப்பான்? வீட்டிலும் சாயங்காலம் டீ டம்ளரோடு உட்கார்ந்து அவனே வகுப்பு எடுத்தான்.

"அன்னிக்கி இன்னாடா பார்த்தே?"

"நீ குழி தோண்டிக்கினு இருந்தே."

"மழைக்கு அதுல தண்ணி ஊறுச்சு. தோண்டாம கொஞ்சுவாங்களா? வேற காரணம் இருக்குதா இல்லியா?"

"இருக்குது."

"அப்ப எத்தினி பர்சென்ட்?"

நூறு எழுபதாயிற்று. எழுபது நாற்பதாயிற்று. போன புதன்கிழமை கைலாசம் வகுப்பில் எழுந்து நின்று, பத்து என்றான். எல்லாரும் கைதட்டினார்கள்.

அன்றைக்குத்தான் அந்தப் படமும் வந்தது. சுவரில் மூன்று கோடு விழுந்ததுமே சிட்டிபாபுவின் வாய் அவனைக் கேட்காமல் பேசிவிட்டது. "பொம்பளை. கைய நீட்டிக்கினு இருக்குது."

மேலும் கோடுகள் விழுந்தன. அடிபம்பு.

ஹால் சிரித்தது. "இவருக்கும் ஒரு சீட்டு எழுதிடுங்க மேடம்" என்றான் முன்வரிசையில் ஒருவன். கைலாசம் சிரிக்கவில்லை. "அவசரப்பட்டுட்டியேணா" என்றான், மெதுவாக.

கிளம்பும்போது வத்ஸலா அவனுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார். "நாம சொல்லித் தர்றது கண்ணை மூடிக்கறதுக்கு இல்லை, கைலாசம். சரிபார்க்கறதுக்கு. அந்தத் தறிவீட்டுக்குள்ள நீங்க போயே ஒரு வருஷம் ஆறது. அண்ணா தறியில உட்காரட்டும். நீங்க பக்கத்துல நின்னு குழியைக் கண்ணால பாருங்கோ. அப்புறமா நம்பரைச் சொல்லுங்கோ."

சிட்டிபாபு கணக்குப் போட்டான். சிமெண்ட்டைப் பார்த்தால் சிமெண்ட்தானே தெரியும்? பத்து பூஜ்யமாகிவிடும். அதற்கப்புறம் கேட்கிறவனும் இல்லை, சொல்கிறவனும் இல்லை. "செஞ்சிடலாம் மேடம்" என்றான்.

அதற்கு மறுநாள் காலையில்தான் நாடாவில் தூசி இல்லாமல் போனது.

பிறகு சத்தம் தொடங்கியது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தலையைச் சாய்த்தால், பூட்டிய தறிவீட்டுக்குள்ளிருந்து, ஊறிய மண் வாசனையோடும் பட்டுப்பசையின் புளித்த நெடியோடும் கசிந்துவருவது போல, நாடா ஓடுகிற சரசரப்பும் அதைத் தொட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு நாடா ஓடுகிற சரசரப்பும், இரண்டையும் சேர்த்து அச்சுப்பலகை மெத்தென்று இடிக்கிற ஓசையும், அவசரமே இல்லாமல், தூங்க விடாமல் வந்துகொண்டேயிருந்தன. பக்கத்து வீட்டுத் தறி என்று நினைத்துக்கொண்டான். பக்கத்து வீட்டில் பாவு அறுத்து, தறி வெறுமனே கிடந்தது. மழை என்று நினைத்துக்கொண்டான். மழை விட்ட பிறகும் கேட்டது. வேறு காரணம், வேறு காரணம் என்று தலையணைக்குள் முனகினான்.

திறந்து பார்த்தபோது தறி அசையாமல் இருந்தது. குழியில் சிமெண்ட் வியர்த்திருந்தது. அதன் நடுவில், மயிரிழை போல ஒரு விரிசல்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மழை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. கரண்ட் இல்லை. விடிந்தால் வகுப்பு, தள்ளிப்போட முடியாது. கைலாசம் குளித்து, தலை வாரி, ஒரு வருஷத்துக்குப் பிறகு தறிவீட்டு வாசற்படியைத் தாண்டினான்.

"உக்காருணா."

சிட்டிபாபு உட்கார்ந்தான். காலைக் குழிக்குள் இறக்கினான். சிமெண்ட் இருக்க வேண்டிய இடத்தில் சேறு. மெத்தென்று. வெதுவெதுப்பாக.

"இன்னாடா தெரியுது?" குரல் தன்னுடையதாகவே இல்லை.

"இருட்டா இருக்குது. நெய்யிணா. நெய்யறப்பதான் தெரியும்."

மிதித்தான். இடக்கையால் நாடாவைத் தள்ளினான். அது வலப்பக்கத்து இருட்டுக்குள் ஓடியது.

திரும்பி வந்தது.

அவன் வலக்கை மடியில் இருந்தது.

லவங்க வாசனை.

கணுக்காலை ஒரு கை பிடித்தது. ஈரக்கை. வளையல் உரசியது.

"கைலாசம். தூக்குடா."

தம்பி நகரவில்லை. சுவரில் படம் பார்ப்பவனைப் போலத் தலையைச் சாய்த்து, வலப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அங்க யார்ரா இருக்கறது?"

"தெரிலணா. இன்னும் ரெண்டு கோடு வரட்டும்."

இழுத்தது. முழங்கால் வரை சேறு.

"அவதாண்டா. கமலாதான்."

"எத்தினி பர்சென்ட்ணா?"

"நூறு. நூறுடா."

"நூறுன்னு சொல்லக்கூடாதுணா. மழைக்குத் தண்ணி ஊறியிருக்கும். வேற காரணம் இருக்குதா இல்லியா?" கைலாசம் நிதானமாக வாசலுக்கு நடந்தான். கதவில் கைவைத்தபடி திரும்பினான். "நான் பத்துன்னு சொன்னேன். பூஜ்யம்னு ஒருநாளும் சொல்லலியே."

கதவைச் சாத்தினான். வெளித்தாழ்ப்பாள் விழுந்தது.

இடுப்பு வரை சேறு. கத்த வாயெடுத்தான். வாய் நிறைய லவங்கம். சத்தம் வரவில்லை.

நாடா வந்தது. அவன் கை அதைத் தள்ளியது. அவன் சொல்லாமலே தள்ளியது. வந்தது. தள்ளியது. பலகை இடித்தது. வலக்கரை வளர்ந்துகொண்டே வந்தது. கறுப்புக் கரை. பட்டு இல்லை. நீளமான, ஈரமான கூந்தல்.

மார்பு வரை.

மோவாய் துணியில் இடித்தது. நாடா அவன் விரல்களில் இருந்தது.

வலப்பக்கத்து இருட்டிலிருந்து, மண் அப்பிய ஒரு உள்ளங்கை நீண்டு விரிந்து, அதற்காகக் காத்திருந்தது.