மெய்க்கண்ணாடிக்குக் கற்றுக்கொடுத்த பொய்

கலாவல்லி வாளை உயர்த்திக் காட்டியதும் அரங்கிலிருந்த எல்லோருடைய மெய்க்கண்ணாடியிலும் 'ரப்பர் வாள்' என்று எழுத்து ஓடியது. கூட்டம் ஏளனமாகச் சிரித்தது.

எதைப் பார்த்தாலும் அதன் உண்மையைக் கண்ணெதிரே எழுதிவிடும் கண்ணாடி அது. அது வந்தபின் பாலில் தண்ணீர் கலப்பவன் தப்ப முடியவில்லை. அப்படியே மேஜிக்காரர்கள் பிழைப்பிலும் மண் விழுந்தது. புறா எந்தப் பையில் இருக்கிறது என்று கண்ணாடியே சொல்லிவிட்டால் யார் டிக்கெட் வாங்குவார்கள்?

கலாவல்லி விடவில்லை. கண்ணாடி பார்த்துப் பார்த்துத்தான் கற்கிறது, ஒன்று கற்றது எல்லாக் கண்ணாடிக்கும் போய்ச் சேர்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டாள். மாதக்கணக்கில் ஊர் ஊராக ரப்பர் வாளும் சாயமுமாக ஒரே காட்சியை நடத்தினாள். பெட்டிக்குள் கணவன் துரைக்கண்ணு படுத்திருப்பான். வாள் இறங்கும், சிவப்பு வழியும், அவன் சிரித்தபடி எழுந்து வருவான். இவள் மேடையில் எல்லாமே பொய் என்று கண்ணாடிக்கு நன்றாகப் பதிந்ததும் நிஜ வாளுக்கு மாறினாள். கணவன் எழுந்து வந்தபின் அந்த 'ரப்பர்' வாளாலேயே ஒரு தேங்காயைப் பிளப்பாள். அதையும் மேடைத் தந்திரம் என்றே கண்ணாடி எழுதும். கண்ணாடி ஏமாறுவதைப் பார்க்கத்தான் கூட்டம் அலைமோதியது.

திருச்சியில் அன்று வாள் இறங்கியபோது துரைக்கண்ணு பெட்டியின் ஓரத்துக்கு ஒதுங்கியிருக்க வேண்டும். கால் மரத்துப்போயிருந்ததோ என்னவோ, ஒதுங்கவில்லை. வாளின் பிடியிலேயே அவளுக்கு அது தெரிந்துவிட்டது.

பெட்டியைத் திறந்தாள். "நிஜ ரத்தங்க. கண்ணாடியக் கழட்டிட்டுப் பாருங்க" என்று கதறினாள். கண்ணாடிகள் ரத்தத்தைச் சாயம் என்றன, அவள் கண்ணீரைக் கிளிசரின் என்றன. கைதட்டல் கூரையைப் பிளந்தது.

கீழே குதித்து, முன்வரிசைப் பெண் ஒருத்தியை இழுத்து வந்து அவள் கையைக் காயத்தின்மேல் வைத்தாள். அந்தப் பெண் செல்வநாயகி ஒரு டாக்டர். விரலில் பட்ட சூட்டிலேயே அது நிஜ ரத்தம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி, காயத்தின் பக்கம் திருப்பிப் பிடித்து, அதன் வழியாகவே ஆம்புலன்சை அழைத்தாள். வீண் அழைப்பு இல்லை என்று கண்ணாடி உறுதி செய்தால்தான் வண்டி கிளம்பும் என்பது விதி.

"மேடை நடிப்புன்னு காட்டுது மேடம். வண்டி வராது."

"டாக்டர் நான் சொல்றேன்."

"நீங்களும் நடிக்கிறீங்கன்னுதான் காட்டுது."

செல்வநாயகி கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டுக் காரை எடுத்துவர ஓடினாள். எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் அவளுக்குச் சிரித்தபடி வழிவிட்டார்கள்.

கலாவல்லி கணவனின் தலையை மடியில் ஏந்திக்கொண்டாள். அவளைப் பற்றியிருந்த அவன் விரல்கள் தளர்ந்தன. மூச்சு இருக்கிறதா என்று குனிந்து பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. கீழே கிடந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

'இவருக்கு ஒன்றுமில்லை. இப்போது எழுந்துவிடுவார்.'

அந்தப் பொய்யைக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். ஆனாலும் கண்ணாடியைக் கழற்ற அவளுக்கு மனம் வரவில்லை.