ஒரு சொட்டும் மிச்சமில்லாமல்

சுபைதாவின் ரொட்டிக்கடைக்குள் மிரியன் நுழைந்தபோது தோளில் ஒரு துணிப்பை தொங்கியது. அவளுடைய உடைமை மொத்தமும் அதற்குள் அடங்கிவிட்டிருந்தது. மாட்ரிட்டின் கரபான்செல் தெருக்களில் புத்தாண்டு வெடிக் காகிதங்களை இன்னும் யாரும் பெருக்கவில்லை.

"அக்கா, என்னைத் திருடின்னு சொல்லிட்டாங்க" என்றாள்.

சுபைதா மாவுக் கையோடு ஓடிவந்து அவளை அணைத்துக்கொண்டாள். மொராக்கோவிலிருந்து வந்து மாட்ரிட்டில் இந்தக் கடையைப் போட்ட நாளிலிருந்து, அழுகிறவர்கள் முதலில் அவளிடம்தான் வருவார்கள். மூலை மேசையில் புதினாத் தேநீரோடு உட்கார்ந்திருந்தார் பசீலியோ. ஓய்வுபெற்ற போலீஸ்காரர். மேல்மாடியில் தனியாக இருப்பவர்.

"இன்ஸ்பெக்டரே, டீயை அப்புறம் குடிக்கலாம். பொண்ணு அழுவுறது கண்ணுக்குத் தெரியலையா?"

"கண்ணு தெரியுது. நீ கத்துறதுல காதுதான் போச்சு. உக்காரும்மா, மெதுவாச் சொல்லு."

மிரியன் ஹோண்டுராஸ்காரி. இதே கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் விதவை பெலீசாவோடு தங்கி, குளிப்பாட்டுவதிலிருந்து மருந்து கொடுப்பதுவரை எல்லாம் பார்த்துக்கொண்டவள். புத்தாண்டு விடியலில் பெலீசா தூக்கத்திலேயே போய்விட்டார். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். இன்று காலை, உடலைப் பார்வைக்கு வைத்த இடத்தில், மகன் ஹூலியான் தாயின் கையைப் பிடித்தபோதுதான் கல்யாண மோதிரம் இல்லாதது தெரிந்தது.

"விரல் கணு செவந்து, தோல் உரிஞ்சிருக்காம். செத்த கையிலேர்ந்து பிடுங்கினியாடின்னு எல்லார் முன்னாடியும் கேட்டாரு. சாயங்காலம் அடக்கத்துக்குள்ள மோதிரம் வரலைன்னா போலீஸாம். எங்கிட்ட பேப்பர் இல்லைங்கய்யா. ஊருக்குத் திருப்பி அனுப்பிடுவாங்க. அங்க என் பிள்ளைங்க நான் அனுப்புறதுலதான் சாப்பிடுதுங்க."

"அன்னிக்கு ராத்திரி என்ன நடந்துச்சு?"

"டிவியில மணிக்கூண்டைக் காட்டுறதுக்கு முன்னாடி நான் திராட்சை கழுவ அடுக்களைக்குப் போனேன். வந்து பாத்தா அவங்களே ரெண்டு கோப்பையிலயும் நுரை ஒயின் ஊத்தி வச்சிருந்தாங்க. கல்யாணத்துக்கு வந்த பச்சைக் கோப்பைங்க. இந்த ஊர் வழக்கப்படி மணி அடிக்க அடிக்க ஆளுக்குப் பன்னிரண்டு திராட்சை தின்னோம். சிரிப்புன்னா அப்படிச் சிரிச்சாங்க. 'ஒரு சொட்டு மிச்சம் வைக்காம குடிடி'ன்னாங்க."

"குடிச்சியா?"

மிரியன் பையின் வாரைத் திருகினாள். "குடிச்சேன். மேல எண்ணெய் மிதந்துச்சு. கோப்பையை நான் சரியாக் கழுவலைன்னு நெனச்சுக்கிட்டேன்."

பசீலியோ தேநீரைக் கீழே வைத்தார். "வீட்டைப் பாக்கணும். ஹூலியானையும் வரச் சொல்லு, சுபைதா."

படியேறும்போது சுபைதா கிசுகிசுத்தாள். "மகன்தான் எடுத்திருப்பான். பெத்தவளை எட்டிப் பாக்காதவன்."

"அவன் புத்தாண்டுக்கு வரவே இல்லையே."

"அதுவே சந்தேகம்தானே!"

மேசை அன்றைக்கு இருந்தபடியே கிடந்தது. பெலீசாவின் நாற்காலியருகே எண்ணெய்ச் சீசா. அவருடைய கை துடைக்கும் துணியில் விரல் விரலாக எண்ணெய்க் கறை. ஒரு கோப்பையின் விளிம்பில் உதட்டுச் சாயம். மற்றதன் விளிம்பில் ஒரு தடமும் இல்லை.

சுபைதா பால்கனிப் பக்கம் போனாள். ஜெரேனியம் பூச்செடித் தொட்டிகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் மண் இறுகிக் கிடக்க, ஒன்றில் மட்டும் புதிதாகக் கிளறியிருந்தது. அவள் திரும்பி மிரியனைப் பார்த்தாள். 'அடிப் பாவி, நீயா?' பார்த்ததைப் பார்க்காததாக்கிவிட நினைத்தவள்போல, தொட்டியைத் தன் நீள அங்கியால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

ஹூலியான் வந்தான். சவரம் செய்யாத முகம், வீங்கிய கண்கள். "இவளுக்கு வக்காலத்தா நீங்க?"

"உக்காரு தம்பி. சுபைதா, நீ தள்ளி நில்லு. தொட்டியை நான் அப்பவே பாத்துட்டேன். மோதிரம் அதுலதான் இருக்கு."

"பாத்தீங்களா! பொதச்சு வச்சிருக்கா!" ஹூலியான் எழுந்தே விட்டான். மிரியன் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"தோண்டுறதுக்கு முன்னாடி கேளு. செத்த உடம்புல தோலு உரியும், ஆனா செவக்காது. செவக்க ரத்தம் ஓடணும். அப்ப மோதிரம் கழண்டது உங்கம்மா உசுரோட இருக்கும்போது. துணியில எண்ணெய் இருக்கு. எண்ணெய் போட்டு, வலியைப் பொறுத்துக்கிட்டு, அவங்களே கழட்டியிருக்காங்க. எதுக்கு? நீ சொல்லு. உங்க வீட்டுல புத்தாண்டு மணிக்கு ஒயின்ல என்ன போடுவீங்க?"

ஹூலியான் நாற்காலியில் தொப்பென்று விழுந்தான்.

"தங்கம்" என்றான். "யாருக்கு அந்த வருஷம் நல்லா இருக்கணுமோ, அவங்க கோப்பையில அம்மா மோதிரத்தைப் போடும். அப்பா இருந்தவரைக்கும் அவரோடதுல. அப்புறம் என்னோடதுல."

"இந்த வருஷம் நீ வரலை."

உதட்டுத் தடமில்லாத கோப்பையைப் பசீலியோ கையில் எடுத்தார்.

"எண்ணெய் மிதந்தது இந்தப் பொண்ணு கோப்பையில" என்றார் பசீலியோ. "அது எதுக்குன்னு தெரியாமலே எங்கிட்ட சொன்னா. மிரியன், உன் சபையில மது தொடமாட்டீங்க. என் பிறந்தநாளுக்குக் கொடுத்ததையே வேண்டாம்னவ நீ. நீ குடிக்கலை, இல்லையா?"

மிரியன் முகத்தை மூடிக்கொண்டாள். "அவ்வளவு ஆசையா ஊத்தினாங்க, முகத்துல அடிச்ச மாதிரி வேண்டாம்னு சொல்ல முடியலை. அவங்க டிவி பாத்துக்கிட்டிருந்தப்ப இருட்டுல செடிக்கு ஊத்திட்டேன். வாடை வரக்கூடாதுன்னு மண்ணை இழுத்து மூடினேன். குடிச்சியாடின்னு கேட்டாங்க. குடிச்சேன்னு சொன்னேன். அப்பவும் சிரிச்சாங்க."

"நாளைக்குக் காலையில மோதிரத்தைக் கேட்டு வாங்கிக்கலாம்னு படுத்திருப்பாங்க" என்றார் பசீலியோ மெல்ல.

தோண்டியது சுபைதாதான். மாவு காய்ந்த விரல்களுக்கிடையே மண் ஒட்டிய மோதிரம் வந்தது.

ஹூலியான் அதைச் சட்டையில் துடைத்து மிரியனிடம் நீட்டினான். "அம்மா உங்களுக்குப் போட்டது."

"மோதிரம் அவங்களோடது, சார்."

"அப்ப நீங்களே போட்டுவிடுங்க. அந்தக் கையைத் தினம் கழுவினவங்க நீங்கதானே."

மாலை, பெட்டியை மூடுவதற்கு முன் அவளைக் கூப்பிட்டார்கள். மோதிரம் வீங்கிய கணுவில் இடித்து நின்றது. பெலீசாவின் மேசையிலிருந்து கொண்டுவந்திருந்த எண்ணெய்ச் சீசாவை மிரியன் பையிலிருந்து எடுத்தாள். உள்ளங்கையில் ஊற்றி, வலிக்குமோ என்று பயப்படுகிறவள்போல அந்த விரலை நீவினாள். சுபைதா அடுத்த பக்கம் நின்றிருந்ததால், குனிந்து அவள் சொன்னது சுபைதாவுக்கு மட்டும் கேட்டது.

"நான் குடிக்கலைம்மா."

மோதிரம் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.